பட்டியில் அடைத்தால் மான் ஆடாகிவிடுமா?

நவம்பர் கடைசியில் விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைப் பருவம். ஒன்பது நாள். பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, தேவாலய வாசல் என்று எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டைகள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கலைமானைச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். தோலுரித்து இறைச்சியைப் பிரித்து முடித்ததும், கழுத்தில் ஐந்து அங்குலம் சேர்த்துத் தலையை அறுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டார். “வருகிறாயா?” என்றார். போனேன்.

சாலையோரம் ஒரு சின்னக் கொட்டகை, உள்ளே மூடி போட்ட பெரிய டப்பா. சுவரில் தொங்கிய உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, எந்தத் தேதியில், எந்த இடத்தில் சுட்டது என்று எழுதினார். சீட்டின் ஒரு பாதியைப் பையில் கட்டினார், மறு பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களை ஆய்வுக்கூடத்தில் எடுத்து, மானுக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை இறைச்சி ஃப்ரீசரில், சீட்டு எண் எழுதிய பொட்டலங்களாகக் கிடக்கும். ஐம்பது வருடமாக வேட்டையாடுகிற மனிதர் அவர். தான் சுட்ட மானைத் தின்னலாமா என்று ஆய்வுக்கூடத்தைக் கேட்டுவிட்டுத் தின்னும் நிலைமைக்கு வந்திருக்கிறார்.

அன்று இரவு கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இந்தத் தலைக் கதையைச் சொன்னேன். பேச்சு மான் பண்ணைகளுக்குத் திரும்பியது. அவருக்குத் தெரிந்த ஒருவர் வடக்கே பண்ணை வைத்திருக்கிறாராம்.

“வேலி போட்டு, தீனி போட்டு, காதுல வில்லை மாட்டி வளர்க்கறாருங்க தம்பி. ஆடு வளர்க்கற மாதிரிதானுங்களே அதுவும்? அதை வெச்சிருக்க ஒரு லைசென்ஸ், வித்தா ஒரு காகிதம், செத்தா ஒரு காகிதம். நாம எதை வேண்டாம்னு கிளம்பி வந்தமோ, அதையே இங்கயும் கொண்டாந்துட்டாங்க.”

அண்ணா சொன்னது அவருடைய சொந்தக் கருத்து மட்டும் அல்ல. அமெரிக்காவின் பல மாநிலச் சட்டமன்றங்களில் மான் வளர்ப்போரும் வேலி போட்ட வேட்டைப் பண்ணைக்காரர்களும் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான். வேலிக்குள் பிறந்து வளர்ந்த மான் கால்நடை, அது தனியார் சொத்து. வனவிலங்குத் துறைக்கு அதில் வேலையில்லை, வேண்டுமானால் வேளாண்துறை பார்த்துக்கொள்ளட்டும். நோய் எப்படியும் காட்டில் இருக்கிறது, பண்ணையை நெரித்து என்ன பயன்? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அதனால்தான் துப்பாக்கி பிடிக்காத, மானிறைச்சி தொடாத நம்மவர்கள்கூடத் தலையாட்டிவிடுகிறார்கள்.

நம்மவர்கள் தலையாட்டுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. ‘லைசென்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடம்பு கூசும். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ் என்று பெயர் வைத்துக் கொடுத்தவரே நம் ராஜாஜிதான். 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி அவர் போட்ட சண்டை அந்த ராஜ்யத்தோடுதான். ஆனால் அவர் எதிர்த்தது எந்த லைசென்ஸை? யார் தொழில் தொடங்கலாம், எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்று டெல்லியில் உட்கார்ந்து ஒரு அதிகாரி தீர்மானித்ததை. ஒருவனுடைய சொந்த முதலை அவனே போட்டு நடத்தவிடாமல் தடுத்ததை. மான் பண்ணை உரிமம் அந்தச் சாதியைச் சேர்ந்தது அல்ல. அதற்கு நெருங்கிய உறவு நம் ஊரில் வேறொன்று: கோயில் நிலத்துக் குத்தகைச் சீட்டு. நிலம் சாமியுடையது. உழுதுகொள்ளலாம், விளைச்சலை விற்கலாம். விற்கிற நெல்லுக்குக் கணக்கும், நிலத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மூன்று தலைமுறை உழுதுவிட்டோம், இனி எங்கள் பெயரில் பட்டா போடு என்று கேட்டால் அதற்குப் பெயர் தொழில் சுதந்திரம் இல்லை.

இது வெறும் உவமை இல்லை என்பதற்குச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மானிறைச்சி கடையில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் சுட்டு ரயிலில் ஏற்றி நகரத்துக்கு விற்கலாம். 1900 வாக்கில் நாடு முழுவதும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மிசூரி மாநிலத்தில் 1925-ல் மிஞ்சியதாக அந்த மாநிலத்து வனவிலங்குத் துறை மதிப்பிட்டது 395 மான்கள். ஒரு மாநிலம் முழுவதற்கும் நானூறுகூட இல்லை. அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் அல்ல. வேட்டை விலங்கைச் சந்தையில் விற்பது தடை செய்யப்பட்டது. மாநில எல்லை தாண்டிக் கடத்துவதை 1900-ஆம் ஆண்டு லேசி சட்டம் குற்றமாக்கியது. காட்டு விலங்கு எந்த நிலத்தில் நின்றாலும் மக்கள் சொத்து, அரசு அதன் தர்மகர்த்தா என்ற கோட்பாடு வேரூன்றியது. மிசூரி மக்கள் 1936-ல் வாக்களித்து, அரசியல்வாதிகள் எட்டாத தூரத்தில் ஒரு வனவிலங்கு ஆணையத்தை அரசியல் சட்டத்திலேயே ஏற்படுத்திக்கொண்டார்கள். இன்று அந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மான் இருக்கிறது.

ஆக, இன்று பண்ணை வேலிக்குள் நிற்கும் வெள்ளைவால் மானின் பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாம் ஊர்ப்பணத்தில் பிழைத்தவை. யாரோ ஒருவர் காட்டில் பிறந்ததை ஒரு காலத்தில் உரிமம் பெற்று அடைத்துவைத்தார், அது பெருகியது. ஆடும் மாடும் மனிதனோடு பல ஆயிரம் வருடம் வாழ்ந்து, உடம்பாலும் குணத்தாலும் வேறு பிராணியாகிவிட்டவை. வெள்ளைவால் மானுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலியை மரம் விழுந்து முறித்தால், அன்று மாலையே அது காட்டு மானோடு காட்டு மானாக நிற்கும். காதில் உள்ள வில்லையையும் கொம்பின் அளவையும் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

நீதிமன்றங்களும் இதைத்தான் சொல்லியிருக்கின்றன. தனியார் சொத்தின் தலைநகரம் என்று யாரும் ஒத்துக்கொள்ளும் டெக்சஸில், உரிமம் பெற்று வளர்க்கும் மான் வளர்ப்பவருக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டார்கள். ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் மறுத்துவிட்டது: மான் மக்களுடையது, வளர்ப்பவர் கையில் இருப்பது உரிமம் மட்டுமே. மிசூரியில் 2014-ல் சட்டமன்றம், பண்ணை மானைக் கால்நடை என்று பெயர் மாற்றும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் ஜே நிக்சன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். அதை மீறி நிறைவேற்றும் முயற்சி கீழவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அடுத்து, வெளிமாநில மானை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற ஆணையத்தின் விதியை எதிர்த்து வழக்கு. கீழ்நீதிமன்றத்தில் வளர்ப்பவர்கள் ஜெயித்தார்கள். 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வேலிக்குள் இருந்தாலும் மான் வனவிலங்குதான், ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றது.

சரி, சட்டம் அப்படியே இருக்கட்டும். சட்டத்தை மாற்றுவதற்குத்தானே சட்டமன்றம்? நாளைக்கு இன்னொரு வாக்கு கிடைத்தால் மாற்றிவிடலாம். மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் அந்தக் கறுப்புப் பைக்குள் இருக்கிறது.

நாட்பட்ட மெலிவு நோய் என்று தமிழில் சொல்லலாம். இங்கே எல்லோரும் சி.டபிள்யூ.டி. என்கிறார்கள். மாட்டுக்கு வந்த பைத்திய நோயின் பங்காளி. கிருமி இல்லை, வைரஸ் இல்லை. தப்பாக மடிந்த ஒரு புரதம், பிரியான், பக்கத்துப் புரதங்களையும் தன்னைப் போலவே மடித்துக்கொண்டு போகும். மூளை கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். மான் ஒரு வருடம், ஒன்றரை வருடம், அதற்கு மேலும்கூடப் பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தக் காலத்திலேயே எச்சில், சிறுநீர், புழுக்கை வழியாக நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும். பிறகு எலும்பும் தோலுமாகி, தலை தொங்கி, வாயில் ஒழுகச் சாகும். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை.

1967-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஆராய்ச்சிக்காக அடைத்துவைத்த மான்களில்தான் இதை முதலில் கவனித்தார்கள். அது மூளையைக் கடற்பஞ்சாக்கும் வகை நோய் என்று எழுபதுகளின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் கண்டுபிடித்தார். எண்பதுகளில் அந்தப் பட்டியைச் சுத்தம் செய்ய முயன்ற கதையை ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் படித்துக் காட்ட வேண்டும். இருந்த மான்களையெல்லாம் கொன்றார்கள். மண்ணை உழுது புரட்டினார்கள். நம் ஊரில் வெள்ளம் வடிந்ததும் தெருவில் தூவுவோமே, அந்த ப்ளீச்சிங் பவுடர் ரசாயனத்தைக் கரைத்துத் தெளித்தார்கள். ஒரு வருடம் காலியாக வைத்தார்கள். பிறகு எல்க் என்ற பெரிய மானினத்தின் நோயில்லாத கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களில் அவற்றுக்கும் வந்தது. பின்னர் நடந்த ஒரு சோதனையில், நோய்ப்பட்ட மான்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே அகற்றப்பட்டு, அவற்றின் கழிவு மட்டும் கிடந்த பட்டியில் விட்ட மானுக்கும் நோய் தொற்றியது.

கால்நடை என்று பெயர் வைத்தால் தீரும் பிரச்சினையா இது? கோழிப் பண்ணையில் நோய் வந்தால் அழித்து, கழுவி, சில மாதத்தில் மறுபடி குஞ்சு விடலாம். இங்கே மண்ணே நோயாளி. பண்ணைக்காரர் வியாபாரத்தை மூடிவிட்டுப் போகலாம், மண்ணை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது.

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதம். வயோமிங் மாநிலத்தைப் பார் என்கிறார்கள். மான் பண்ணைகளுக்கு அநேகமாக இடமே தராத மாநிலம். ஆனால் நோய் அங்கே காடெங்கும் பரவிக் கிடக்கிறது. நார்வேயில் 2016-ல் காட்டுப் பனிமான் (ரெயின்டீர்) கூட்டத்தில் கண்டார்கள், அங்கே எந்தப் பண்ணையிலிருந்து வந்தது? பண்ணை மானாவது செத்தால் ஒவ்வொன்றையும் பரிசோதிக்கிறோம், காட்டு மானில் எத்தனையைப் பரிசோதிக்கிறீர்கள்?

இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நோய் காட்டிலும் தானாகப் பரவும். விஸ்கான்சினுக்கு அது எப்படி வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 2002 பிப்ரவரியில் மவுண்ட் ஹோரெப் அருகே காட்டு மான்களில் முதலில் தெரிந்தது, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுதான் முதல் தடவை. கொட்டிவைத்த தீனியைச் சுற்றி மானைக் கூட்டும் வேட்டைக்காரர்களும், செத்த மானின் எலும்புக்கூட்டை நூறு மைல் தாண்டி வீசிவிட்டுப் போகிறவர்களும் யோக்கியர்கள் அல்ல. அவர்களுக்கும் கடிவாளம் வேண்டும் என்று நானும் சொல்கிறேன்.

ஆனால் காட்டு மான் கால் நடக்கும் தூரம்தான் போகும். வயோமிங்கில் நோய் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு நகரப் பல வருடம் எடுத்துக்கொண்டது. பண்ணை மான் லாரியில் போகும். 2001-ல் தென்கொரியாவில் நோய் கண்டார்கள், கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் மூலமாக வந்தது. அந்த எல்க் பசிபிக்கை நீந்திக் கடக்கவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் பண்ணைகளுக்கு வந்ததோ எண்பதுகளின் இறுதியில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிய எல்க்கோடு. மிசூரியில் 2010-ல் முதலில் கண்டது வேலிக்குள்தான். அடுத்து மேக்கன் வட்டாரத்தில் இன்னொரு வேலிக்குள். அதற்குப் பிறகே, அந்த வேலிக்கு அருகிலேயே, காட்டு மானில்.

விஸ்கான்சினில் 2021-ல் நோய் கண்ட ஒரு பண்ணையின் விற்பனைக் கணக்கைப் புரட்டினார்கள். முந்தைய ஐந்து வருடத்தில் ஏழு மாநிலங்களில் உள்ள பண்ணைகளுக்கு ஏறத்தாழ நானூறு மான்களை அது விற்றிருந்தது. ஒரு மான் ஐந்து வருடம் நடந்தாலும் ஏழு மாநிலம் போகாது. இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்று அண்ணாவிடம் கேட்க வேண்டும். அவர் சொன்ன அதே காகிதங்களால். வித்தா ஒரு காகிதம், செத்தா ஒரு காகிதம். அந்தக் காகிதம் இல்லாத ஊரில் நோய் எந்த லாரியில் ஏறியது என்று கண்டுபிடிக்கக் குறி கேட்கத்தான் போக வேண்டும்.

பரிசோதனை வாதத்துக்கும் ஒரு பதில். செத்த மானைப் பரிசோதிப்பது நல்லதுதான். ஆனால் லாரியில் ஏறும் மான் உயிரோடு இருக்கிறதே. மத்திய வேளாண்துறை நடத்தும் மந்தைச் சான்றிதழ்த் திட்டத்தில் ஐந்து வருடம் நோய் தென்படாத மந்தைக்குச் சான்றிதழ் உண்டு, அதைக் காட்டி மாநில எல்லை தாண்டி விற்கலாம். சான்றிதழ் வாங்கிய மந்தைகளிலேயே பிறகு நோய் வெடித்திருக்கிறது. நோய் பதுங்கும் காலமும், செத்த மானின் தலை நேரத்துக்கு வந்து சேராததும், அழுகிய மாதிரியும் சேர்ந்தால் ஐந்து வருடம் ஒன்றுமில்லை. மின்னசோட்டாவில் பெல்ட்ராமி வட்டாரத்தில் 2021-ல் நோய் கண்ட ஒரு பண்ணை, செத்த மான்களைப் பக்கத்துப் பொது நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. அந்தக் குப்பைமேட்டைச் சுற்றி அரசு செலவில் வேலி போட வேண்டி வந்தது. 2023-ல் அந்த மாநிலம் புதிய வெள்ளைவால் மான் பண்ணைகளுக்குக் கதவை மூடியது. பொறுப்பை விலங்கு நலவாரியத்திடமிருந்து இயற்கை வளத்துறைக்கு மாற்றவும் முடிவெடுத்தது.

எட்டடி வேலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறுதியான வேலி என்பார்கள். விஸ்கான்சின் இயற்கை வளத்துறை, டி.என்.ஆர்., 2003-ல் பண்ணை பண்ணையாகத் தணிக்கை செய்தது. மூன்றில் ஒரு பண்ணையிலிருந்து ஏதோ ஒரு காலத்தில் மான் தப்பியிருந்தது. திரும்பப் பிடிபடாமலே போனவை 436. ஒரு மான்கூடத் தப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் வேலிக்கு இருபுறமும் நின்று இரண்டு மான்கள் மூக்கோடு மூக்கு உரசுவதைக் கம்பி தடுக்காது. இனச்சேர்க்கைப் பருவத்தில் வெளியே நிற்கும் கலைக்கு உள்ளே நிற்கும் பிணையின் வாசனை வேலியைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. 2018-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அரசு இரட்டை வேலி யோசனையைக் கிளப்பியது. செலவு அதிகம் என்று கூக்குரல் எழுந்தது, யோசனை ஓசையில்லாமல் அடங்கியது. யாருடைய செலவு என்பது கேள்வி. இரண்டாவது வேலி பண்ணைக்காரர் செலவு, இரண்டாவது வேலி இல்லாததன் செலவு என் பக்கத்து வீட்டுக்காரருடையது.

இவ்வளவும் எதற்காக? இறைச்சிக்காக என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இந்தத் தொழிலின் பெரும்பணம் கொம்பில் இருக்கிறது. கலைமானின் கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து கூட்டிச் சொல்லும் ஒரு முறை உண்டு. வேட்டைப் பண்ணை விலைப்பட்டியல் அந்த அங்குலத்தை வைத்துத்தான்: இத்தனை அங்குலம் வரை இவ்வளவு டாலர், அதற்கு மேல் இவ்வளவு. காட்டில் கிடைத்த வெள்ளைவால் கொம்புகளில் வடிவம் ஒழுங்கில்லாத வகையின் சாதனை 333 அங்குலமும் சொச்சமும். 1981-ல் மிசூரியின் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் கிடைத்தது. அந்த மானை யாரும் சுடவில்லை, செத்துக் கிடந்தது. பண்ணைகளிலோ நானூறு அங்குலத்தைத் தாண்டியவை பல. தேர்ந்த விந்து, தேர்ந்த தீனி, தலைமுறை தலைமுறையாகக் கொம்புக்காகவே பொறுக்கல். தலையில் சரவிளக்கைக் கவிழ்த்தது போல நிற்கும் அந்தப் பிராணியை வேலி போட்ட சில நூறு ஏக்கருக்குள் அவிழ்த்துவிட்டு, பணம் கட்டியவரை மறைவிடத்தில் உட்காரவைத்துச் சுடச் சொல்கிறார்கள். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம் வேலிக்குள் சுட்ட கொம்பைத் தன் ஏட்டில் ஏற்றுவதே இல்லை. நான் சைவமில்லை, வேட்டைக்கு எதிரியும் இல்லை. ஆனால் தொட்டிக்குள் மீன் விட்டுத் தூண்டில் போடுவதை விளையாட்டு என்று சொன்னால் மீன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் கோபம் வரும், இங்கே உண்மையான வேட்டைக்காரர்களுக்கு வருவது அந்தக் கோபம்தான்.

அந்தக் கோபம் என்ன செய்யும் என்று மொன்டானா காட்டியது. 1999-ல் அங்கே ஒரு பண்ணையில் நோய் கண்டதும் வேட்டைக்காரர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். 2000 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு. புதிய பண்ணை கூடாது, இருக்கிற பண்ணையிலும் காசு வாங்கிச் சுடவிடக் கூடாது என்று மக்கள் தீர்ப்பளித்தார்கள். துப்பாக்கி உரிமையில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத மாநிலம் அது. பண்ணைக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2008-ல் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கே கொஞ்சம் சங்கடம் உண்டு. அரசு கொடுத்த உரிமத்தை நம்பிக் கடன் வாங்கி வேலி போட்டவரை ஒரே நாளில் தெருவில் விடுவது நல்ல அரசுக்கு அழகில்லை. விலகுகிறவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து வேலியைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எப்படி முடிப்பது என்ற கேள்வி. முடிக்க வேண்டுமா என்பதற்கு அது பதிலாகாது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது எந்தத் துறை என்பதில். விஸ்கான்சினில் 2003 முதல் பண்ணை மான் வேளாண்துறையிடம், வெள்ளைவால் மானைச் சுற்றிய வேலி மட்டும் டி.என்.ஆரிடம். மாமியார் சாவி ஒருவரிடம், பீரோ ஒருவரிடம் கொடுத்த கதை. வேளாண்துறையின் இயல்பான வேலை தொழிலை வளர்ப்பது. பாலும் பாலாடைக்கட்டியும் செய்கிறவர்களுக்கு அது மிக நன்றாகவே செய்கிறது. ஆனால் நோய் கண்ட வேட்டைப் பண்ணைகள் சில, மந்தையை அழிக்காமல், தனிமைப்படுத்தும் ஆணையோடு இந்த மாநிலத்தில் வருடக்கணக்கில் தொடர்ந்து நடந்திருக்கின்றன. வேலிக்கு வெளியே இருக்கும் மானுக்குப் பொறுப்பான துறை கையில் சாவி இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

வனவிலங்குத் துறைக்கு வேட்டை லைசென்ஸ் பணம் போய்விடுமே என்ற பயம், அதனால்தான் பண்ணைகளை நசுக்குகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மிசூரிக்கு அது பொருந்தவே பொருந்தாது. அங்கே மக்கள் 1976-ல் வாக்களித்து, ஒவ்வொரு டாலர் விற்பனைக்கும் எட்டில் ஒரு சென்ட் வரியைத் தாங்களே விதித்துக்கொண்டு அந்தத் துறைக்குக் கொடுக்கிறார்கள். வேட்டையே ஆடாத, ஷூ வாங்கப் போன பாட்டியும் கட்டுகிறாள்.

அண்ணாவுக்கு நான் சொல்ல நினைத்த ஒரு இடம் இருக்கிறது. அடுத்த முறை காரில் அழைத்துப்போக வேண்டும். விஸ்கான்சினில் பண்ணை மானில் முதல் நோய் 2002-ல் போர்ட்டேஜ் வட்டாரத்தில் தெரிந்தது. மந்தையை அழிக்க அரசு ஆணையிட்டது, உரிமையாளர் எதிர்த்துப் போராடினார், நாட்கள் ஓடின. 2006 ஜனவரியில் மிச்சமிருந்த 76 மான்களையும் சுட்டுப் பரிசோதித்தபோது 60-க்கு நோய் இருந்தது. ஒரு மந்தையில் அவ்வளவு விகிதத்தை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. மான் போய்விட்டது, மண் இருந்தது. காட்டு மான் உள்ளே மேய வந்தால் என்ன ஆகும்? 2011-ல் அந்த எண்பது ஏக்கரையும் 4,65,000 டாலர் கொடுத்து டி.என்.ஆர். வாங்கியது. அதில் எதையும் பயிரிடுவதற்காக இல்லை. வேலி விழாமல் பார்த்துக்கொள்வதற்காக. மான் வெளியே போகாமலிருக்கப் பண்ணைக்காரர் போட்ட எட்டடி வேலி, மான் உள்ளே வராமலிருக்க அரசு செலவில் நின்றது.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கையில் சீட்டின் மறு பாதி, செல்போனில் ஆய்வுக்கூட முடிவு. “தென்படவில்லை” என்றிருந்தது. நோய் இல்லை என்று அவர்கள் எழுதுவதில்லை. இரண்டு பொட்டலம் இறைச்சி கொடுத்தார். மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இன்றுவரை உறுதியான ஒரு தகவலும் கிடையாது, நோய் உறுதியான மானைத் தின்னாதீர்கள் என்று மத்திய நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. அதையெல்லாம் மனதில் ஓட்டிவிட்டு, மிளகும் சின்ன வெங்காயமும் தூக்கலாகப் போட்டு வறுத்தேன். அண்ணாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

“பரிசோதனை பண்ணினதுங்களா தம்பி?”